ஆடுகளத்தில் ஆறலைப்போர்



பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வந்து இறங்கிய முதல் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். 2006-ஆம் ஆண்டில் ஒரு காலை வேளையில் நாம் இரண்டு பெட்டிகளோடு புது தில்லி ரயில் நிலையத்தில் இறங்கினோம். இந்தியைத் தேர்வுக்காகப் படித்திருந்தோமேயன்றி வாய்விட்டுப் பேசிப் பழகியதில்லை. நிலைய வாயிலில் நின்ற ஆட்டோக்காரர் நம் முகத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே ஆள் புதியவர் என்று கண்டுகொண்டார். பத்து நிமிஷப் பயணத்துக்கு மூன்று நாள் சாப்பாட்டுச் செலவை அவர் கையில் கொடுத்தோம். அதே நாள் மாலையில், நாம் தங்கிய குடியிருப்பில் அடுத்த வீட்டு மாமி ஒரு பாத்திரத்தில் ரசமும், ஒரு தாளில் எந்த பஸ் எங்கே போகும் என்ற விவரமும் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒவ்வோர் ஊரிலும் புதியவரை எதிர்கொள்ளும் கைகள் இவ்விரண்டு வகையே. அந்தத் தாள் கிடைத்திராவிட்டால் இந்நகரில் நாம் இருபதாண்டு நிலைத்திருப்போமா என்பது ஐயமே.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இணையத்தில் பலர் கூடியாடும் விளையாட்டுகளைப் பற்றியது. ரயில் நிலையத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். அந்த விளையாட்டுகளும் இப்பொழுது ஊர்கள்தாம். அங்கே தெருவுண்டு, சந்தையுண்டு, காடுண்டு. பல தேசத்து மக்கள் ஒரே வேளையில் அங்கே நடமாடுகின்றனர். அந்த ஊர்களின் எல்லையிலும் புதியவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்பவர் காத்திருக்கின்றனர்.

முதலில் நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைக்கு இப்பொழுது வயது பதினான்கு. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுபவன். தமிழ் அவனுக்கு அப்பா அம்மாவோடு பேசும் மொழி. அதிலும் பாதி விடை வேறு மொழியில் வரும். இரண்டாண்டுகளுக்கு முன் அவன் ஓர் இணைய விளையாட்டில் சேர்ந்தான். மூன்றாம் நாள் மாலை கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். காரணம் கேட்டதற்கு, ஆட்டம் தொடங்கும் கிராமத்தை விட்டு வெளியேற ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும் என்றும், அந்தப் பாலத்தில் நான்கு பேர் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் கொன்றுவிடுகிறார்கள் என்றும், தான் பதினொரு தடவை செத்துவிட்டதாகவும் சொன்னான். நாம் சிரித்துவிட்டோம். அது தவறு என்று பிற்பாடு தெரிந்தது.

ஆங்கிலத்தில் இச்செயலுக்குக் ‘கேங்கிங்’ என்று பெயர். கும்பல், கொலை என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் சேர்ந்து பிறந்தது என்று விளையாடுவோர் இதற்குப் பொருள் கூறுவர். ஆனால் அமெரிக்கக் கொச்சை வழக்கில், களவாடுதல், ஏமாற்றிப் பறித்தல் என்னும் பொருளில் இச்சொல் அதற்கு முன்பே வழங்கியதுண்டு. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. தேடிப் பார்த்தபொழுது புதுச்சொல் படைக்கும் வேலையே இல்லை என்று தெரிந்தது. வழிச்செல்வோரைத் தாக்கிப் பறிப்பதை நம் முன்னோர் ‘ஆறலைத்தல்’ என்றனர். ஆறு என்பது வழி. அலைத்தல் என்பது வருத்துதல். பாலைவழியில் செல்லும் வணிகரையும் புலம்பெயர்வோரையும் மறைந்திருந்து வருத்தியவர் ஆறலை கள்வர். இணைய ஊர்களின் பாலத்தில் நிற்பவருக்கும் அப்பெயர் பொருந்தும்.

போர் விளையாட்டில் ஒருவரையொருவர் வெல்வது ஆட்டத்தின் இயல்பே அன்றோ என்று சிலர் கேட்பர். மெய்தான். சடுகுடுவில் பிடிபட்டவன் அழுதால் நாம் பரிவு காட்டுவதில்லை. ஐவர் ஐவராக அணிபிரிந்து ஆடும் சில ஆட்டங்களில், தனித்து நிற்கும் எதிரியைத் திடீரென இருவர் சூழ்ந்து வீழ்த்துவதையும் கேங்கிங் என்றே அழைக்கின்றனர். அது குற்றமன்று, உத்தி. இரு தரப்பாரும் அதை அறிந்தே களமிறங்குகின்றனர். இரு தரப்பாருக்கும் அது இயலும். நாம் சொல்லவந்தது வேறு. தாக்குபவரின் வலிமைக்கும் தாக்கப்படுபவரின் வலிமைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத இடைவெளி. தாக்கப்படுபவர் சண்டைக்கு வந்தவரல்லர். அவரை வீழ்த்துவதால் தாக்குபவருக்குப் பெரிய ஆதாயமும் இல்லை. இம்மூன்றும் கூடிய இடத்தில் ஆட்டம் முடிந்து ஆறலைத்தல் தொடங்குகிறது.

இந்த இடைவெளி எவ்வாறு உண்டாகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் ஆடுபவர் படிப்படியாக உயர்கின்றனர். ஒவ்வொரு படியிலும் உடல்வலிமை கூடும். சிறந்த ஆயுதமும் கவசமும் கிட்டும். 2004-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டில் அப்பொழுது 60 படிகள் இருந்தன. பதினைந்தாம் படியில் நிற்பவர் அறுபதாம் படிக்காரரை எத்தனை முறை வெட்டினாலும் பயனில்லை. அவர் திருப்பி ஒரு வெட்டு வெட்டினால் போதும். இறந்தவர் ஆவி உருவில் இடுகாட்டிலிருந்து தம் உடல் கிடக்கும் இடத்துக்கு ஓடிவந்துதான் மீண்டும் உயிர்பெற வேண்டும். அந்த உடலின் அருகிலேயே கொன்றவர் காத்திருப்பார்; எழுந்ததும் மறுபடி கொல்வார். இதற்கு ‘பிணக்காவல்’ என்று நாம் பெயர் சொல்லலாம். அலுவலகம் விட்டு வந்து ஒரு மணி நேரம் ஆடலாம் என்று உட்கார்ந்தவர், அந்த ஒரு மணியையும் இடுகாட்டுக்கும் பிணத்துக்கும் இடையே ஓடியே கழிப்பார்.

இத்தொல்லை நேற்று முளைத்ததன்று. பலர் கூடியாடும் தொடக்ககாலக் கணினி உலகங்களுள் ஒன்று 1978-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்டில் என்னும் இரு மாணவர்களால் உருவாக்கப்பட்டது. அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். பார்டில் 1996-இல் எழுதிய கட்டுரையொன்றில், இவ்வுலகங்களுக்கு வருவோரை நான்கு வகையாகப் பிரித்தார். முயன்று முன்னேறுவோர், புதிய இடங்களைத் தேடி அறிவோர், பிறரோடு அளவளாவ வருவோர், பிறர்மேல் தம் வலிமையைக் காட்ட வருவோர் என்பன அவை. சீட்டுக்கட்டின் நான்கு இனங்களை அவற்றுக்கு அடையாளமாகச் சொன்னார்.

அவர் கூறியவற்றுள் நாம் கருத வேண்டியது, இந்நால்வகையினரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்கின்றனர் என்பதாகும். வலிமை காட்டுவோர் மிகுந்தால் மற்றவர் குறைவர். அளவளாவ வந்தவர் முதலில் வெளியேறுவர். இரை குறைந்தால் வேட்டைக்காரருக்கும் வேலையில்லை. குளத்து மீனையெல்லாம் ஒரே கோடையில் அள்ளிவிட்ட கிராமத்தின் கதைதான் இது.

இக்கருத்து அடுத்த ஆண்டே பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ‘அல்ட்டிமா ஆன்லைன்’ வெளிவந்தது. அதைப் படைத்தவர்களுள் தலைமையானவர் ரிச்சர்ட் காரியட். அவ்வுலகின் அரசராகவும் அவரே வேடம் பூண்டிருந்தார். வெளியீட்டுக்கு முந்தைய மாதம், வெள்ளோட்டத்தின்போது, அரசர் குடிமக்களைக் காண எழுந்தருளினார். கூட்டத்திலிருந்த ஒருவர் நெருப்பு மந்திரத்தை ஏவினார், அரசர் மாண்டார்! அவர் பாத்திரத்துக்குச் சாகாவரம் இருந்திருக்க வேண்டும். சர்வர் நின்று மறுபடி தொடங்கியபின் அதை மீண்டும் இட்டுக்கொள்ள அவர் மறந்திருந்தார். இச்செய்தியைக் கேட்டவரெல்லாம் நகைத்தனர். ஆனால் அரசருக்கு ஒரு நாள் நேர்ந்தது குடிகளுக்கு நாள்தோறும் நேரலாயிற்று.

அந்த விளையாட்டில் நகரத்துக்குள் காவலர் உண்டு. குற்றம் செய்தவரை அழைத்த மாத்திரத்தில் வந்து வீழ்த்துவர். நகர எல்லையைத் தாண்டினால் காவல் இல்லை. புதியவரோ வயிற்றுப்பாட்டுக்கு வெளியே போயாக வேண்டும். மரம் வெட்ட வேண்டும், சுரங்கத்தில் தாது தோண்ட வேண்டும். எல்லைக்கு அப்பால் ஆறலைப்போர் கூட்டமாக நின்றனர். இறந்தவரின் உடைமை அவர் உடலோடு கிடக்கும், கொன்றவர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் பாடுபட்டுச் சேர்த்த கோடாலியும் சட்டையும் ஒரு நொடியில் போய்விடும். புதியவர் பலர் இரண்டாம் முறை எல்லையைத் தாண்டவில்லை; ஆட்டத்தையே விட்டு அகன்றனர்.

படைத்தவர்கள் கைகட்டி நின்றார்களில்லை. கொலை பல புரிந்தவரின் பெயர் சிவப்பு நிறத்தில் தோன்றுமாறு செய்தனர். அத்தகையவர் காவலுள்ள நகருக்குள் நுழைய முடியாது. நல்லோர் திரண்டு தீயோரை அடக்குவர் என்ற நம்பிக்கையும் இருந்தது. அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. காரணம் எளிது. ஆறலைப்பவருக்கு அதுவே முழுநேர வேலை. காப்பவருக்கோ வேறு வேலை இருக்கிறது. சிவப்புப் பெயரைச் சிலர் வெட்கமாகக் கருதவில்லை, விருதாகவே அணிந்தனர். கடைசியில், 2000-ஆம் ஆண்டில், உலகத்தையே இரண்டாகப் பகுத்தனர். ‘ஃபெலூக்கா’ என்ற பாதியில் பழைய வழக்கம். ‘டிரமல்’ என்ற பாதியில் ஒருவர் இசைவின்றி மற்றவர் அவரைத் தாக்க இயலாது. மக்களில் பெரும்பாலோர் டிரமலுக்கே குடிபெயர்ந்தனர். அச்சம் போனதோடு உலகின் உயிரும் போயிற்று என்று பழைய ஆட்டக்காரர் சிலர் இன்றும் வருந்துகின்றனர்.

அவர்கள் சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. இழப்பே இல்லாத இடத்தில் ஈட்டுவதற்கும் மதிப்பில்லை. ஐஸ்லாந்து நாட்டில் 2003-ஆம் ஆண்டில் பிறந்த ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டு இக்கொள்கையின் மேல் நிற்பது. அங்கே பாதுகாப்பு மிக்க பகுதிகளிலும் தாக்குதல் நடக்கலாம். காவற்படை உண்டு, ஆனால் அது தடுக்கும் படையன்று, தண்டிக்கும் படை. குற்றம் நடந்து சில நொடி கழித்தே வந்து சேரும். ஆகவே சிலர் விலை குறைந்த கப்பல்களில் கூட்டமாக வந்து, காவலர் வருமுன் விலையுயர்ந்த சரக்குக் கப்பலை உடைத்துவிடுகின்றனர். தம் கப்பல்களைக் காவலர் அழிப்பதை முன்கூட்டியே கணக்கில் செலவாக எழுதிவைத்துவிடுகின்றனர்!

இத்தகைய இடத்தில் புதியவர் கதி என்ன? அவ்விளையாட்டை நடத்துவோர் 2015-ஆம் ஆண்டு தம் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கணக்கை வெளியிட்டனர். புதியவர்களின் முதல் பதினைந்து நாள்களை ஆராய்ந்ததில், இவ்வாறு முறைகேடாகத் தாக்குண்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே என்றும், அவ்வாறு தாக்குண்டவர் மற்றவரைக் காட்டிலும் நெடுநாள் ஆட்டத்தில் நீடித்தனர் என்றும் கூறினர். ஆறலைப்போர் இதைக் கேட்டு மகிழ்ந்தனர். நாம் அடிப்பதால்தான் புதியவர் நிலைக்கின்றனர் என்று வாதித்தனர்.

இக்கணக்கைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஆனால் உற்றுநோக்க வேண்டும். தாக்குண்டவர் யார்? துறைமுகத்தை விட்டு வெளியே துணிந்து சென்று, சரக்கு ஏற்றி, பலரிடையே புழங்கியவர். அத்தகையவர் அடியுண்டாலும் உண்ணாவிட்டாலும் நிலைத்திருக்கக் கூடியவரே. கடலுக்குப் போனவன்தான் புயலில் அகப்படுவான். அதனால் புயல்தான் அவனை மாலுமியாக்கியது என்று சொல்லலாமா? மேலும், அதே விளையாட்டில் புதியவர் முதலில் தோன்றும் சில பகுதிகளில் அவர்களைத் துன்புறுத்தலாகாது என்று நடத்துவோரே விதி வகுத்திருக்கின்றனர். அடி நல்ல மருந்தாயின் அவ்விதிக்குத் தேவை என்ன?

ஆயினும் அவ்வுலகம் நமக்கு வேறொரு பாடமும் தருகிறது. அங்கே 2004-ஆம் ஆண்டில் ஆடுவோரே கூடி ‘ஈவ் யுனிவர்சிட்டி’ என்னும் அமைப்பை நிறுவினர். புதியவரைச் சேர்த்துக்கொண்டு, எவ்வாறு தப்புவது, எதை ஏற்றிக்கொண்டு போகலாகாது, தோற்றால் எவ்வாறு எழுவது என்று கற்பிப்பதே அதன் பணி. அபாயம் நிறைந்த ஊரில் புதியவர் நிலைக்க வேண்டுமாயின் யாரேனும் பஸ் விவரம் எழுதிய தாளைக் கொடுத்தாக வேண்டும். தோல்வி ஒருவரை வளர்ப்பது உண்டு. ஆனால் எதனால் தோற்றோம் என்று சொல்ல ஆளிருந்தால் மட்டுமே. பாலத்தில் பதினொரு தடவை செத்தவன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: பாலத்துக்குப் போகக் கூடாது.

இப்பொழுது, காப்பு முறைகளைப் பார்ப்போம். ஒன்று, இசைவு முறை. 1999-இல் வந்த ‘எவர்க்வெஸ்ட்’டின் பெரும்பாலான சர்வர்களில் மனமொப்பியவர் மட்டுமே பிறரோடு பொர இயலும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் தொடக்கத்தில் போருக்கென்றும் அமைதிக்கென்றும் தனித்தனிச் சர்வர்கள் இருந்தன; 2018 முதல் ஒவ்வொருவரும் தலைநகரில் இருக்கும்பொழுது போர்நிலையை ஏற்கவோ நீக்கவோ செய்யலாம். கடற்கொள்ளையர் விளையாட்டான ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ வெளிவந்தது 2018-இல். அதில் பிற கப்பலார் குறுக்கிடாத தனிக்கடல் 2023 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. கொள்ளையர் கதையே ஆயினும் புதியவருக்கு ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது!

இரண்டாவது, சமநிலை முறை. நம் நாட்டில் 2018-க்குப் பின் கைப்பேசி வழியே பரவிய ‘பப்ஜி’யை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் அதன் வேறு வடிவம் வந்தது. அதில் நூறு பேர் வரை வெறுங்கையோடு ஒரு தீவில் குதிக்கின்றனர். எல்லாரும் ஒரே படியில் தொடங்குவர். ஆயினும் கைப்பழக்கத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தே தீரும். ஆகவே புதியவரின் முதல் ஆட்டங்களில் மனிதருக்குப் பதில் இயந்திரப் பொம்மைகளையே எதிரிகளாக நிறைத்துவிடுகின்றனர். பிள்ளைகள் முதல் வாரம் முழுவதும் தொடர்ந்து வென்று, தம்மைப் பெரிய வீரரென்று எண்ணிக்கொள்வர். பிற்பாடு மெய்யான மனிதர் எதிர்ப்படும்பொழுது விழும் அடி பலமாக இருக்கும். மெத்தை விரித்துக் காப்பது ஒன்று. நடக்கக் கற்பிப்பது மற்றொன்று.

எந்த வேலிக்கும் ஒரு சந்து உண்டு. சமவலிமையுடையவரையே எதிரெதிர் நிறுத்தும் விளையாட்டுகளில், தேர்ந்த ஆட்டக்காரர் புதுப்பெயரில் புதியவர் போல நுழைந்து, மெய்யான புதியவரை அடித்து மகிழ்கின்றனர். முகமூடியணிந்த இந்த ஆறலைப்பவரை எந்த விதியும் முற்றிலும் தடுக்கவில்லை. ஆகவே கேள்வி கடைசியில் விதியை விட்டு மனிதரிடம் வந்து நிற்கிறது: இவர்கள் ஏன் இப்படிச் செய்கின்றனர்?

அந்த விடை நம் வீட்டிலேயே கிடைத்தது. சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் அடுத்த அறையிலிருந்து நம் பிள்ளையும் இணையத்தின் வழியே அவன் நண்பர்களும் விழுந்து விழுந்து சிரிக்கும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தோம். அதே கிராமம், அதே பாலம். இம்முறை பாலத்தில் நின்றவர்களில் நம் பிள்ளையும் ஒருவன். என்ன செய்கிறாய் என்று கேட்டோம். “நான் புதிதாக வந்தபொழுது என்னை மட்டும் விட்டார்களா, அப்பா?” என்றான்.

இவ்விடையை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். கல்லூரி விடுதிகளில் ‘ராகிங்’ என்னும் கொடுமையை நிகழ்த்திய மூத்த மாணவர் சொன்னதும் இதுவே. தமிழ்நாட்டில் 1997-இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. நாடு முழுவதுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதிமுறை வகுத்தது. விளையாட்டில் நேர்வதையும் உயிரைப் போக்கிய அக்கொடுமைகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் துணியவில்லை. திரையில் விழும் வெட்டில் இரத்தம் சிந்துவதில்லை. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று. தன்னை அடித்தவரைத் திருப்பி அடிக்க இயலாதவன், தனக்குப் பின் வந்தவனிடம் அந்தக் கடனைத் தீர்க்கிறான். அவன் வாங்கிய கடனை வேறொருவன் கட்டுகிறான்.

இதன்பின் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளியில் நம் தங்கையின் மகனுக்குப் பத்து வயது. நம் பிள்ளையைப் பார்த்து அவனும் அந்த விளையாட்டில் சேர்ந்தான். மாலையில் இருவரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசத் தொடங்கினர். அத்தை மகனுக்கு இந்தி தெரியாது. ஆகவே நம் பிள்ளை தமிழில் பேசியே தீரவேண்டும். “இடப்பக்கம் வா”, “மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்” என்றெல்லாம் அவன் வாயில் தமிழ் தடையின்றி வந்ததைக் கேட்டு நாமும் மனைவியும் மகிழ்ந்தோம். பன்னிரண்டு ஆண்டு நாம் வற்புறுத்தி வராத மொழி நான்கு நாளில் வந்தது. ஐந்தாம் நாள் திருச்சிச் சிறுவன் வரவில்லை. தங்கையிடம் விசாரித்தோம். நம் பிள்ளை இல்லாத வேளையில் அவன் தனியே ஆடியிருக்கிறான். பாலத்தில் யாரோ மீண்டும் மீண்டும் கொன்றிருக்கிறார்கள். விளையாட்டைக் கைப்பேசியிலிருந்தே நீக்கிவிட்டான்.

நம் பிள்ளைக்குச் சினம் பொங்கியது. “அவனை அடித்தவர்கள் யாரென்று தெரிந்தால் விடமாட்டேன்” என்றான்.

“நீ இதுவரை அடித்தவர்கள் யார் யாரென்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டோம்.

அவன் விடை சொல்லவில்லை. நாமும் மேற்கொண்டு பேசவில்லை. அன்றிரவு அவன் விளையாட உட்காரவில்லை.

நேயர்களே, திரையில் தெரிவது ஒரு பெயரும் ஒரு பொம்மையும் மட்டுமே. அதன் பின்னால் அடுத்த முனையில் ஒரு பத்து வயதுச் சிறுவன் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறலைத்தல் அங்கே இவ்வளவு எளிதாக நடப்பதற்கு முதற்காரணம் இதுவே. புறங்காட்டி ஓடுவோர் மேல் படைக்கலம் விடாமையைத் ‘தழிஞ்சி’ என்று ஒரு துறையாகவே வகுத்தது புறப்பொருள் வெண்பாமாலை. எதிரியின் முகத்தைக் கண்டு போரிட்ட காலத்தில் அவ்வறம் எளிதாயிருந்திருக்கலாம். முகம் தெரியாத போரில் அதைப் பிள்ளைகளுக்கு யார் நினைவூட்டுவது?

பெற்றோர்க்கு நாம் சொல்ல விழைவன சில. பிள்ளை அழுதால், ‘விளையாட்டுத்தானே’ என்று நகைக்க வேண்டாம். என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். கைப்பேசியைப் பிடுங்கிவிடுவது கேள்விக்கு விடையாகாது. அடுத்த தடவை நம்மிடம் சொல்லாமலிருக்கவே அது பழக்கும். புதிதாக ஆடத் தொடங்கும் பிள்ளை முதல் சில நாள் தெரிந்தவரோடு கூடி ஆடட்டும். இசைவின்றித் தாக்க இயலாத வகை இருக்குமாயின் அதையே தேர்ந்துகொள்ளட்டும். தொடர்ந்து ஒருவரே துன்புறுத்தினால் தடுத்து வைக்கவும், நடத்துவோருக்கு முறையிடவும் பெரும்பாலான விளையாட்டுகளில் வழியுண்டு. இவற்றோடு மற்றொன்றையும் கேளுங்கள். இன்று யாரிடம் தோற்றாய் என்று கேட்பதுபோலவே, இன்று யாரை வென்றாய், அவன் உனக்கு நிகரானவனா என்றும் கேளுங்கள்.

நம் ஊர்த் தெருக்களில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்பொழுது, அக்காளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னஞ்சிறு குழந்தை வந்து நிற்கும். அதை விலக்கவும் மாட்டார்கள். பிடித்து ஆட்டமிழக்கச் செய்யவும் மாட்டார்கள். ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். அது எல்லாரோடும் ஓடும். யாரும் அதைத் தொட்டாலும் கணக்கில்லை. ஆட்டத்தின் போக்கு பிடிபட்டபின், ஒரு நாள் அதுவே, “இனி நானும் மெய்யாகவே ஆடுகிறேன்” என்று சொல்லும். அன்றிலிருந்து அதற்கும் எல்லா விதியும் உண்டு. எஸெக்ஸிலும் ஐஸ்லாந்திலும் அறிஞர் பலர் பல்லாண்டு முயன்று வகுத்த முறையை, எழுத்தறியாத பிள்ளைகள் நம் தெருவில் தாமே வகுத்துக்கொண்டிருந்தனர். காவலரும் இல்லை, சிவப்புப் பெயரும் இல்லை. நாளைக்கும் ஆட ஆள் வேண்டும் என்ற ஒன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இச்செய்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை உணவின்போது நம் பிள்ளைக்குச் சொன்னோம். ‘சப்பாணி’ என்றால் என்ன என்று கேட்டான், பொருள் சொன்னோம். இரண்டு வாரம் கழித்துத் திருச்சிச் சிறுவன் ஆட்டத்துக்குத் திரும்பி வந்தான். நம் பிள்ளை பாலத்தின் இப்பக்கத்தில் அவனுக்காகக் காத்திருந்து அழைத்துச் சென்றான். இரண்டு முறை இருவரும் சேர்ந்தே செத்தனர். மூன்றாம் முறை கடந்தனர். பாலத்தில் இன்றும் யாரோ நிற்கிறார்கள். நம் பிள்ளையின் பழைய நண்பர் இருவர் அவர்களுள் உண்டு. ஆனால் இப்பொழுது மாலை வேளையில் அடுத்த அறையில் கேட்கும் பேச்சு தமிழில் இருக்கிறது. சென்ற வாரம், பெயர் தெரியாத வேறொரு புதியவனையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் மூவராகப் பாலத்தைக் கடந்ததாக அறிந்தோம்.